ஏரிக்கரையில் பாராட்டுக்கு இடமில்லை

அந்த நாய்க்கு மூன்று கால்கள். பின்னங்கால் ஒன்றை எந்த வண்டிச் சக்கரத்திடமோ பறிகொடுத்துவிட்டு, அல்சூர் ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் விடியற்காலையில் தன்பாட்டுக்கு உலாவிக்கொண்டிருந்தது. நான் ஓடத் தொடங்கிய முதல் வாரம் அது. நாற்பத்து நான்கு வயது, வரம்பு மீறிய சர்க்கரை, மனைவி ஆசையாக வாங்கித் தந்த கண்ணைப் பறிக்கும் பச்சைக் காலணிகள், இவற்றோடு இரைக்க இரைக்கப் போய்க்கொண்டிருந்த என்னை அந்த நாய் அலட்டிக்கொள்ளாமல் முந்திச் சென்றது. பின்னாலிருந்து வந்த ஒல்லியான மனிதர் ஒருவர் என் பக்கத்தில் ஒரு கணம் வேகத்தைக் குறைத்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சார், அந்த நாய்க்கு மூணு கால்தான். தப்பா எடுத்துக்காதீங்க. சும்னே, சும்மா உங்க தகவலுக்காக."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சுடச்சுட ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தபடியே ஓடினேன். பதில் உருவாவதற்குள் அவர் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் என்னைக் கடந்தார். "நாய் வீட்டுக்கே போயிடுச்சு சார்." மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நான் மறுபடி ஏரிக்கரையில் நின்றதற்கு மருத்துவரும் காரணமல்ல, சர்க்கரையும் காரணமல்ல. முந்தின நாள் சாயங்காலம் குளிக்கும்போது ஒரு நல்ல பதில் கிடைத்திருந்தது. அதைச் சொல்ல அந்த ஆள் வேண்டியிருந்தது. போய்ச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "நேத்து சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். இப்படித்தான் எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார்.

அவர் ஒரு தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டர். ஏரிக்கரையில் எல்லாருக்கும் அவர் போஸ்ட் மாஸ்டர்தான். அவர் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று, தெரிந்த பிறகும் அதை உபயோகிக்கச் சந்தர்ப்பம் வரவில்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவர். ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்து, ஜோகுபாளையத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியேறியவர். தமிழில் தொடங்கும் வாக்கியத்தைக் கன்னடத்தில் வளைத்து, தேவைப்பட்டால் உருதுவில் கொண்டுபோய் நிறுத்துவார். நானோ மென்பொருள் நிறுவனம் ஒன்றில் கையேடுகள் எழுதுபவன். யாரும் படிக்காத பக்கங்களைப் பிழையில்லாமல் எழுதுவதில் இருபது வருட அனுபவம் உண்டு.

எங்கள் குழுவில் இன்னும் இருவர். ஒருவர் கணக்கு டீச்சர். இன்னொருவர் தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்து ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்த இன்ஜினியர். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: யாரும் யாரையும் பாராட்டக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சேர்ந்த புதிதில், விவரம் தெரியாமல், "இன்னைக்கு நல்லா ஓடினீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏன் சார், நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

ஓடி முடித்ததும் அவரவர் நேரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். போஸ்ட் மாஸ்டர் அதன்மேல் முத்திரை குத்துவார். வராதவருக்கு 'கதவு பூட்டியிருந்தது.' பாதியில் நின்றவருக்கு 'பெறுநர் வாங்க மறுத்துவிட்டார்.' எனக்கு வழக்கமாக 'புக் போஸ்ட்'. அதாவது, என்றைக்காவது வந்து சேரும், யாருக்கும் அவசரமில்லை. டீச்சர் மார்க் போடுவார்: "கருணை மதிப்பெண் சேர்த்து முப்பத்தஞ்சு." இன்ஜினியர் தன் பங்குக்கு, "மேப்புல உங்களை நிறுத்தி வெச்ச வண்டின்னு காட்டுதுண்ணா" என்று எழுதுவார். ஒருநாள் இதையெல்லாம் படித்துப் பார்த்த என் மனைவி, "இவங்க உங்க சிநேகிதங்களா, இல்ல ஏதாவது பழைய பகையா?" என்று கேட்டாள். அன்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பாராட்டு என்பது முடிந்துபோன காரியத்தைப் பற்றியது. கேலி அப்படியல்ல, நாளைக்கும் நீங்கள் வருவீர்கள் என்று நம்புகிறவர்தான் உங்களைக் கேலி செய்வார்.

முதன்முதலாக இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் நான் கலந்துகொண்டபோது பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். போஸ்ட் மாஸ்டர் எப்போதோ ஓடி முடித்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி எதிர்த்திசையில் என்னைத் தேடி வந்தார். "ஏனு குரு, ரேஷன் கார்டையே இந்த மரத்தடிக்கு மாத்திக்கிட்டீங்களா?" என்றார். என்னால் முடியவில்லை, கால் இரண்டும் போய்விட்டது, மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்று நான் நீளமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு பேசறதுக்கு மூச்சு இருக்கு பாருங்க. அதுல நூறு மீட்டர் போயிருக்கலாம்" என்றார். கடைசி மூன்று கிலோமீட்டரையும் இரண்டாம் முறையாக, என் வேகத்தில், என் கூடவே ஓடினார். வழி நெடுக என்னைவிட வேகமாக நடப்பவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டிக்கொண்டே வந்தார். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் சத்தமில்லாமல் சாலையோரம் ஒதுங்கிவிட்டார். முடிவுக் கோட்டில் எடுத்த புகைப்படத்தில் நான் மட்டும் தனியாக, ஏதோ சாதித்துவிட்டவனைப் போல இருக்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் பக்கத்துத் தர்ஷினி ஓட்டலில் நின்றபடி காபி குடிப்போம். இந்த ஊர் வழக்கப்படி ஒரு காபியை இரண்டு டம்ளர்களில் பங்கிட்டுத் தரும் 'பை டூ'. யார் யாரோடு பங்கிடுவது என்பதற்கும் எங்களிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒரு ஜோடி. எங்கள் நால்வரில் முதலில் வருபவர் யார், கடைசியில் வருபவர் யார் என்பதில் எந்தக் காலையிலும் சந்தேகம் இருந்ததில்லை. ஆகவே ஐந்து வருடம் நானும் போஸ்ட் மாஸ்டரும் ஒரே காபியைக் குடித்தோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிரினிட்டி சர்க்கிள் பக்கம் ஏறும் மேட்டில் போய்க்கொண்டிருந்தோம். "நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு மாஸ்டரே" என்றேன். "சொந்த நெஞ்சுதானே சார், வாடகைக்கா எடுத்திருக்கீங்க? ஏறுங்க" என்றார் அவர். டீச்சர் சிரித்தார், இன்ஜினியர் சிரித்தார், நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். நான்கு நாள் கழித்து அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யாததால் படியேறியபோது, மூன்றாவது மாடியில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டேன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அன்று மாலையே ஸ்டென்ட் வைத்தார்கள். ஓடுகிற ஒருவனுக்குப் படிக்கட்டில் நெஞ்சு வலித்தது என்பதில் கூட ஒரு கம்பீரம் இல்லை என்று படுக்கையில் கிடந்தபடி நினைத்துக்கொண்டேன்.

உறவினர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: ஓடியதால்தான் வந்தது. மருத்துவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். மூன்று மாதம் நடக்கச் சொன்னார். அதன் பிறகு, நாடித்துடிப்பைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் மெல்ல ஓடலாம் என்றார். பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நான் போக வேண்டிய இடம் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

மூன்று மாதம் கழித்துப் போன முதல் நாள் காலை ஏரிக்கரையில் மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். "வெல்கம் பேக் சார்" என்றார் டீச்சர். "சூப்பர்ண்ணா, மெதுவா வாங்கண்ணா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார் இன்ஜினியர். போஸ்ட் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடையும் ஓட்டமுமாக நான் ஒரு சுற்று முடித்ததற்குக் கை தட்டினார்கள். குழுவில் நேரத்தைப் போட்டேன். முத்திரை வரவில்லை. பூங்கொத்துகளும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்து விழுந்தன. நான்கு வாரம் இப்படியே போயிற்று. உயிரோடிருக்கும்போதே நம் இரங்கல் கூட்டத்துக்கு நாமே போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தர்ஷினியில் டீச்சர் எனக்கென்று தனியாக ஒரு காபி வாங்கி வந்து, "உங்களுக்கு ஃபுல் சார்" என்றார். போஸ்ட் மாஸ்டர் இன்ஜினியரோடு பங்கிட்டுக்கொண்டார். அந்த முழு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: இவர்கள் கணக்கில் நான் ஓடி முடித்துவிட்டேன்.

அன்றே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். தனியாகவாவது ஓடியிருக்கலாமே என்று கேட்கலாம். தனியாக ஓட எனக்குத் தெரியாது. நான் ஓடியதெல்லாம் யாருக்கோ பதில் சொல்லப் போனதுதான். 'இதுநாள்வரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி' என்று கையேட்டின் கடைசிப் பக்கம் போல ஒரு செய்தி எழுதிப் போட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகினேன். பச்சைக் காலணிகள் பரணுக்குப் போயின. காலை ஏழு மணி வரை தூங்கினேன். அதில் சுகமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் போஸ்ட் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பேன்ட்டும் முழுக்கைச் சட்டையுமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை, யாரோ அதிகாரி வந்திருப்பதைப் போல இருந்தது. கையில் ஒரு பை கொய்யாப்பழம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீரை எடுக்கவில்லை.

"அந்த மேட்டுல நான் சொன்னது ஞாபகம் இருக்கா சார்?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"நீங்க நெஞ்சுன்னு சொன்னீங்க. நான் வாடகைன்னேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூணு தடவை வந்தேன், உள்ள வரலை. வீட்டம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது? இனிமே யாரையும் ஒரு வார்த்தை சொல்றதில்லைன்னு வெச்சுக்கிட்டேன். என் வாயாலதான் உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு."

அவர் கண்களைப் பார்த்தேன். கேலி இல்லை. நாலரை மாதமாக இந்த மனிதர் ஒவ்வொரு காலையும் இதைச் சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றியிருக்கிறார். என்மேல் பரிதாபப்படுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பயந்துபோயிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அவரும் எழுந்து போயிருப்பார், நானும் பிறகு ஓடியிருக்க மாட்டேன். நல்லவேளை, வந்தது வேறு.

"மாஸ்டரே, உங்க வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா, அஞ்சு வருஷமா நீங்க திட்டின திட்டுக்கு நான் என்னைக்கோ உங்களுக்கு முன்னாடி வந்திருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு, அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளைக்கு அஞ்சரை. கொய்யாவ ராத்திரியே தின்னு தீர்த்துடாதீங்க, ஏற்கெனவே லோடு ஜாஸ்தி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எந்த மருத்துவரின் சான்றிதழையும் மாற்றாகக் கொடுத்துவிடுவேன்.

அந்த மழைக்காலம் முழுவதும், எப்போதும் முதலில் வரும் மனிதர் என்னோடு கடைசியில் வந்தார். நாடித்துடிப்பு ஏறி என் கடிகாரம் சத்தம் போட்டால் அவரும் என்னோடு நடப்பார். ஒருநாள் எதிரே வந்த வேறொரு ஓட்டக்காரர், "என்ன மாஸ்டரே, உடம்பு சரியில்லையா, இவ்வளவு ஸ்லோவா?" என்று கேட்டார். "என்ன பண்றது, ரிஜிஸ்டர் தபால். பாதியில போட்டுட்டுப் போக முடியாது" என்றார் போஸ்ட் மாஸ்டர், என் பக்கம் திரும்பாமலே. நானும் திரும்பவில்லை. முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

போன வருடம் அவருக்கு சிவமொக்காவுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஆற்றங்கரையோரம் ஓடுகிறாராம், கூட ஓடுகிறவர்கள் ரொம்ப நல்லவர்களாம், அதனால் போரடிக்கிறதாம். நான் இங்கே வாரம் நான்கு நாள் ஓடுகிறேன்.

சென்ற வாரம் ஆஸ்பத்திரியில் வருடாந்தரப் பரிசோதனை. நெஞ்சில் கம்பிகளை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். பக்கத்தில் நின்ற பெண், "வெரி குட் சார், சூப்பரா ஓடறீங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் என் கால் தளர்ந்தது. எப்படியோ ஓடி முடித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் மருத்துவர். வெளியே வந்து, இதயத்துடிப்பின் கோடுகள் ஏறி இறங்கும் அந்தத் தாளைப் படம் பிடித்து சிவமொக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"நின்ன இடத்துலயே ஓடறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு மேடு பள்ளம்?"

"யாரு, போஸ்ட் மாஸ்டரா? ரிப்போர்ட் பார்த்துட்டு என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் கூட வந்திருந்த மனைவி.

"ரொம்ப நல்லா இருக்குங்கறார்" என்றேன்.