அன்புச்செல்வியின் இருபத்திரண்டு சான்றிதழ்கள்

எங்கள் விடுதியின் வரவேற்பு மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி இப்போது நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். இதை நான் யாரும் கேட்காமலே சொல்வேன். பால்காரரிடம் சொன்னேன், சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னேன். பெருமையடிக்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். அடக்கி வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் சந்திரகலா. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் எட்டு அறை வைத்து நடத்துகிறேன். அன்பு கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பா பலராமன் வேர்க்கடலையும் நெல்லும் பயிர் வைக்கிறவர். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள், அதற்கேற்ற வேலை உள்ளூரில் கிடைக்காமல் என்னிடம் அறைச் சாவி எடுத்துக் கொடுக்க வந்தாள். வெளிநாட்டில் வெப் டெவலப்பர் ஆவது அவள் ஆசை. அதற்காக ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்தாள். சான்றிதழ் வந்தது, விண்ணப்பித்தாள், பதில் வரவில்லை. ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கோர்ஸ் சேர்ந்தாள். இப்படியே மூன்று வருடத்தில் இருபத்திரண்டு சான்றிதழ் சேர்ந்துவிட்டது.

"இன்னும் எத்தினி வாங்கப் போற? சுவத்துல ஒட்டினா வெள்ளை அடிக்கிற வேலையாச்சும் மிச்சம்" என்பேன்.

"சிரிங்கக்கா, சிரிங்க" என்பாள். முகம் மட்டும் சிரிக்காது.

பிறகு அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். வெறும் காகிதத்தை அயல்நாட்டான் எப்படி நம்புவான், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தால்தானே மதிப்பு என்றார் பலராமன். இருபத்திரண்டையும் அச்செடுத்து, அவர்கள் மாட்டுக்கு ஊசி போடுகிற கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அட்டெஸ்டேஷன் போடுவது அப்படிப்பட்ட டாக்டர்கள்தான். அவர் அசல் எங்கே என்று கேட்டிருக்கிறார். "இதான் சார் அசலு. மத்தது கம்ப்யூட்டர்லயே இருக்குது" என்றாராம் பலராமன். நல்ல மனிதர், அன்பு போனில் காட்டியதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பச்சை மையில் இருபத்திரண்டு கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அதையெல்லாம் ஸ்கேன் செய்து ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அனுப்பினாள். எனக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

இதற்கு நடுவில் எனக்காக ஒரு வேலை செய்திருந்தாள். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் எங்கள் ஊரில் போன் நாலு கோடு காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அறை பதிந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழி தெரியாமல் அலைவார்கள். வந்ததும் என்னிடம் சண்டை. அன்பு ஒரு இணையப் பக்கம் செய்தாள். எந்தத் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் எந்தத் தெரு வழியாக நடக்கவேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. துளி சிக்னலில் திறக்கும். ஒருமுறை திறந்துவிட்டால் போனிலேயே தங்கிவிடும், அப்புறம் சிக்னலே வேண்டாம். பக்கத்து விடுதிக்காரர்கள் கேட்டபோது அவர்களுக்கான வழியையும் சேர்த்துவிட்டாள். எனக்குக் கோபம்தான். "வழி தெரியாம நிக்கிறவங்க எந்த லாட்ஜா இருந்தா இன்னாக்கா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

நெதர்லாந்து கம்பெனி கூப்பிட்டபோது அவள் நூற்று நாற்பது இடங்களில் மறுக்கப்பட்டிருந்தாள். "இதுவும் இல்லன்னா விட்டுடுறேன்க்கா. இனிமே எங்கயும் போட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள். கடைசி நேர்காணல் சித்ரா பௌர்ணமி அன்று மாலை நாலு மணிக்கு. முதல்நாள்தான் மோர்ப்பந்தலுக்குக் குழி தோண்டியவர்கள் எங்கள் இணைய வயரை அறுத்து வைத்திருந்தார்கள். சரி செய்ய ஆள் வரக் கூட்டத்தில் வழியில்லை.

போனில்தான் பேசினாள். மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை வீடியோவை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் குரல் மட்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். இன்று பல லட்சம் பேர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள், டவர் தாங்கவில்லை என்றாள் அன்பு.

"விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒரு பக்கத்தின் முகவரி கொடுத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அதுவும் இப்போது திறக்காதே?"

"திறக்கும். அங்கிருந்தே பாருங்கள். இன்று எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் அடியில் ஓடும்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அங்கே அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பிறகு சான்றிதழ்களுக்கு வந்தார்கள். பச்சைக் கையெழுத்து யாருடையது என்றார்கள். கால்நடை மருத்துவருடையது என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"இருபத்திரண்டில் எத்தனை இந்தப் பக்கத்தைச் செய்ய உதவியது?"

"மூன்று."

"மீதி பத்தொன்பது?"

அன்பு போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அவை பயத்தில் வாங்கியவை" என்றாள்.

போச்சு, கெடுத்துக்கொண்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து வேலை உறுதி என்று கடிதம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பலராமன் அடுத்த பஸ் பிடித்து வந்தார். மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "எந்த சர்டிபிகேட்டும்மா வேலை வாங்கிக் குடுத்துச்சு?" என்று கேட்டார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடு என்று நான் கண்ணைக் காட்டினேன். மனிதர் அவ்வளவு அலைந்திருக்கிறார்.

"எதுவும் வாங்கிக் குடுக்கலப்பா. மூணுல பாடம் கத்துக்கிட்டேன். நான் செஞ்சு வச்சிருந்தத பாத்துதான் எடுத்தாங்க."

பலராமன் கையை நீட்டினார்.

"அத நான் பாத்ததே இல்லியே. காட்டு."

அவள் போனைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அறை கேட்டு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் படித்து முடிக்கட்டும், நில்லுங்கள் என்றேன்.