காற்று பார்த்து நடந்தவன்

நாயக்கனேரி மலையில் எந்தப் பாறை இடுக்கில் கரடி படுத்திருக்கும், எந்தச் சுனைக்குக் கடமான் எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வரும் என்று கேட்டால், அந்தக் காலத்து ஆம்பூரில் எல்லோரும் செங்கல்வராயனைத்தான் கை காட்டுவார்கள். அவன் வீடு எது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் திணறுவார்கள். அவன் பெண்சாதி தனகோடி வீடு என்று கேட்டால் தெரியும்.

செங்கல்வராயன் துரைமார்களுக்கு மலை காட்டுகிறவன். ஊர் அவனை ஷிகாரி, வேட்டைக்காரன் என்றது. ஆனால் அவன் தன் கையால் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. முதலில் துப்பாக்கித் துரைகள் வந்தார்கள். பிறகு பட்டாம்பூச்சி பிடிக்கிற துரை ஒருவர் வலையோடு வந்தார். அதற்கும் பிறகு, குருவி பார்ப்பதற்கென்றே வேலூரிலிருந்து ஒரு துரைசாணி வந்தாள். சுடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பார்த்தாள், நோட்டில் எழுதினாள், போய்விட்டாள். இதற்காகவா மூட்டை முடிச்சோடு மலை ஏறினாள் என்று வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். செங்கல்வராயனுக்கு வந்தவர்களிலேயே அவளைத்தான் பிடித்தது.

கதை ஆரம்பித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். நசீர் அகமது சாயபுவின் டேனரியில், தோல் பதனிடுகிற ஆலையில், புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் வேலை. அவன் தோல் ஊறவைக்க ஆவாரம்பட்டையைக் காட்டில் உரித்து, சாயங்காலம் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து முன்வாசலில் போடுவான். அவள், உப்புத் தடவி வந்து இறங்குகிற பச்சைத் தோல்களை உதறிப் போடுவாள். உதறிய உப்பெல்லாம் பின்சுவருக்கு வெளியே, கானாற்றங்கரையில் குவியும். சுண்ணாம்பு, பட்டைத் தண்ணீர், பச்சைத் தோல் எல்லாம் சேர்ந்த வாடை அவர்கள் துணியில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், சோற்றில்கூட இருக்கும். அந்தத் தெருவில் யாரும் அதைப் பேச்சாக எடுத்ததில்லை.

பட்டைக்குப் போய்ப் போய் மலைத்தடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதைக் கேள்விப்பட்டு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில்வே துரை ஆள் அனுப்பினார். செங்கல்வராயன் அவரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கொம்பன் கடமானுக்கு எதிரே நிறுத்தினான். துரை துப்பாக்கியைத் தூக்குவதற்குள் கடமான் கணீரென்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் பாய்ந்து போய்விட்டது.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. இங்கிலீஷில் என்னவோ கத்தினார். கூட வந்த பட்லர் அதைத் தமிழில் சொன்னான்.

"உன் மேல தோல் நாத்தம் அடிக்குதாம். அதான் மான் ஓடிச்சாம். இன்னொரு தபா இந்த நாத்தத்தோட வந்தா ஒதைப்பாராம்."

துரை காலில் லாடம் அடித்த பூட்ஸ். பாறையில் அவர் ஏறிய சத்தம் பள்ளிகொண்டா வரைக்கும் கேட்டிருக்கும். தலையில் பூசியிருந்த வாசனைத் தைலம் அவருக்கு முன்னால் மலை ஏறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கு வாய் இருந்தது? செங்கல்வராயனுக்கோ அது தோன்றவே இல்லை. துரை சொன்னார், அவன் நம்பினான். நம்பியதோடு விட்டானா? அதையே தன் தொழிலுக்குச் சட்டமாக வைத்துக்கொண்டான்.

டேனரி வேலையை விட்டான். மலையடிவாரத்துச் சுனைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டான். பீடி இல்லை, வெற்றிலை இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, பூண்டு இல்லை. தன் வாடை மிருகத்துக்குப் போகாமலிருக்க, எப்போதும் காற்று முகத்தில் படுகிற பக்கமாகவே நடந்தான். எந்தத் துரை எப்போது ஆள் அனுப்புவார் என்று தெரியாததால், மழைக்காலம் தவிர மற்ற மாசமெல்லாம் குடிசையில்தான் வாசம். ஐப்பசியில் மழை பிடித்தால் துரைகள் வரமாட்டார்கள். அந்த ஒரு மாசம், ஒன்றரை மாசம் மட்டும் வீடு. குடிசைக்குத் திரும்பிப் போனதும், வீட்டு வாடை போக ஏழு நாள் சுனையில் சீயக்காய் தேய்த்துக் குளிப்பான்.

ஆரம்பத்தில் தனகோடி வாரம் ஒருமுறை சோறு கட்டிக்கொண்டு போனாள். அவன் கானாற்றுக்கு அந்தப் பக்கமே அவளை நிற்கச் சொல்வான்.

"அங்கியே வச்சுட்டுப் போமே. மேல பட்டா வாடை ஒட்டிக்கும். மிருகம் நிக்காது."

அவள் பாறை மேல் தூக்கை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இரண்டு வருடம் அப்படி வந்தாள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஏன் வரவில்லை என்று அவனும் கேட்கவில்லை.

பேர் வளர்ந்தது. வாலாஜாபேட்டை, வேலூர், பெங்களூரிலிருந்தெல்லாம் அவனைத் தேடி வந்தார்கள். வந்த துரைகளெல்லாம் போன பிறகு குடிசையில் அவனும் சுனைச் சத்தமும்தான். சில நாள் சாயங்காலம் கீழே ஊரில் அடுப்புப் புகை எழும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதில் எது தன் வீட்டுப் புகை என்று தேடுவான். கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை இல்லை. வருசத்தில் ஒரு மாசம் மட்டும் வருகிற விருந்தாளிக்குப் பிள்ளை எங்கிருந்து வரும் என்று தெருப் பெண்கள் தனகோடியின் காதுபடவே பேசினார்கள்.

இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, மாசி மாசம். பாறையில் சறுக்கி விழுந்ததில் செங்கல்வராயனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப்போட்டு வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கல்யாணமான வருசத்துக்குப் பிறகு, மழை இல்லாத மாசத்தில் அவன் வீட்டில் இருப்பது அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள், தனகோடி விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். கஞ்சித் தூக்கை மறந்து வைத்துவிட்டாள். அவன் தடியை ஊன்றிக்கொண்டு, தூக்கை எடுத்துக்கொண்டு டேனரியின் பின்சுவர்ப் பக்கமாகப் போனான். சுவர் முனையில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

உப்புக் குவியலில் ஐந்து புள்ளிமான்கள். தலையைக் குனிந்து நக்கிக்கொண்டிருந்தன. காற்று டேனரியிலிருந்து நேராக அவற்றின் மேல்தான் அடித்தது. நடுவில் தனகோடி தோலை உதறிக்கொண்டு நின்றாள். ஒரு பெட்டை மான் அவள் முந்தானையை மோந்து, நுனியைச் சப்பியது.

"ச்சீ போ, வேலயப் பாக்க வுடு" என்று முழங்கையால் அதைத் தள்ளினாள். அது இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி நக்கியது.

செங்கல்வராயனின் தடி கல்லில் இடறியது. அந்தச் சத்தத்துக்குத்தான் மான்கள் கலைந்தன.

"இன்னாமே இது?"

"இன்னா இன்னா? மானு. வெயில் காலத்துல தெனம் வரும். மலைல தண்ணி கம்மி ஆயிட்டா எறங்கிடும், உப்பு திங்க. மழை வந்தா உப்பு கரைஞ்சுடும், அதுங்களும் வராது."

"எத்தினி வருசமா?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேந்து."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

தனகோடி கையிலிருந்த தோலைக் கீழே போட்டாள்.

"மான் ஓடுதுன்னு நீ சொன்னே. இங்க மான் என் துணிய நக்குது. அப்போ நாத்தம் மானுக்கு இல்ல, உனக்குத்தான்னு நெனச்சேன். என்னைப் புடிக்காம மலைக்குப் போய்ட்டவன்கிட்ட போயி, மான் வருது, நீயும் வான்னு கூப்புட சொல்றியா? எனக்கும் ரோசம் இருக்காதாய்யா?"

அவன் பதறிப்போனான். "ஐயோ, அப்படி இல்லமே" என்றான். பிறகு முரட்டுத்தனமாக, "இது ஊரோட பழகுன மானு. மேல இருக்கிற கடமான் நிக்காது" என்றான்.

"போய்ப் பாரு" என்றாள் அவள்.

பங்குனியில் கால் சரியானது. பெங்களூரிலிருந்து காமிரா துரை ஒருவர் ஆள் அனுப்பியிருந்தார். செங்கல்வராயன் இந்தத் தடவை அந்த ஏழு நாள் சீயக்காய்க் குளியலைப் போடவில்லை. வீட்டிலிருந்தே நேராகக் கிளம்பினான். தனகோடி வேலைக்குக் கட்டுகிற பழைய சேலை ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டான். துரை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்.

சுனைக்கு மேலே, பிழைப்பில் முதல் தடவையாகக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் சாய்கிற நேரத்தில் கடமான்கள் வந்தன. முன்னால் ஒரு பெரிய கொம்பன். அது தலையைத் தூக்கி மூக்கை விரித்தது. வாடை அதற்குப் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

ஓடு, ஓடித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினான். அது ஓடினால் அந்த இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும். குலசாமியையெல்லாம் கூப்பிட்டான். எத்தனையோ துரைகளுக்காக, மிருகம் நிற்க வேண்டும் என்று வேண்டியவன், அன்றைக்கு ஓட வேண்டும் என்று வேண்டினான்.

கொம்பன் காதை ஒருமுறை ஆட்டிவிட்டு, குனிந்து தண்ணீர் குடித்தது. துரை சந்தோஷமாகப் படத்துக்கு மேல் படம் பிடித்தார். செங்கல்வராயன் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவன் வீட்டுக்குத் திரும்பியபோது தனகோடி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஓடிச்சா?"

ஓடியது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். தன் மேல் அடிக்கிற வாடைதான் இத்தனைக்கும் காரணம் என்று அவளே தலையில் சுமந்துகொண்டிருப்பாள்.

"ஓடல" என்றான்.

அவள் கை அரிசிக்குள் நின்றுபோனது. "அப்போ நாம ரெண்டு பேரும் எதுக்குய்யா தனித்தனியா கெடந்தோம்?" என்று கேட்டாள்.

கானாற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபது வயது. இப்போது எதிரே இருந்தவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பில் வெடித்துப்போன அந்தக் கையைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.