மூன்று கடைகளும் எங்கள் ஊர்ப் புளியும்

ஆலங்காயத்தில் ஒன்று, செங்கத்தில் ஒன்று, காவலூரில் ஒன்று என்று ஒரே முதலாளிக்கு மூன்று ஓட்டல்கள் இருந்தன. எழுபதுகளில் அங்கே சாப்பிட்டவர்கள் இன்றும் அந்த வத்தக்குழம்பைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். அப்படி ஒரு கடை இனி வராதாம். வரவே வேண்டாம். அதை மூடவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. சொல்ல எந்த வெட்கமும் இல்லை.

குழம்பின் ருசி அவர் கைப்பக்குவம் அல்ல, எங்கள் புளி. எங்கள் மலையூரில் புளியைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு இடித்து, பானையில் அடைத்து, ஒரு வருஷம் கறுக்கவிட்ட பிறகுதான் கீழே இறக்குவோம். மூன்று கடைக்கும் நாங்கள்தான் கொடுத்தோம்.

எனக்குக் கல்யாணமான வருஷம், அம்மாவும் நானும் புளிக்கூடையோடு ஆலங்காயம் போனோம். மலைக்காரர்கள் கூடையை இறக்கிவிட்டுப் பின்கட்டிலேயே சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அன்று அம்மா டோக்கன் வாங்கிக்கொண்டு முன்னறையில் போய் உட்கார்ந்தாள். சோற்றில் குழம்பைப் பிசைந்து இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். ஜீப்பில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். முதலாளி நேராக எங்களிடம் வந்தார்.

“ஏந்திரிம்மா. ஆளுங்க நிக்கிறாங்க இல்ல? மலைக்காரங்களுக்கு இன்னாத்துக்கு டேபிளு?”

நான் பயத்தில் அம்மாவுக்கு முன்பே எழுந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் என்மேலேயே இருக்கிறது. அம்மா அங்கே கை கழுவவில்லை. பிசைந்த கையோடு பஸ் ஸ்டாண்டுக் குழாய்வரை நடந்தாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பேசினேன். பெண்கள் வாய் திறக்காத ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, சோற்றில் கை வைத்தவளை எழுப்பியவனுக்கு நம் புளி எதற்கு என்று கேட்டேன். இனி அந்தக் கடைகளுக்கு ஒரு பிடி புளிகூட இறங்கக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்தார்கள். அதை எங்களில் ஒருவரும் மீறவில்லை.

சந்தையில் கிடைக்காத புளியா என்று முதலாளி சிரித்தாராம். அதுதான் அவர் செய்த தப்பு. சந்தையின் புதுப்புளியில் குழம்பு வெளுத்தது, வெறும் புளிப்புத்தான் மிஞ்சியது. முதலில் காவலூர் கடையை மூடினார், பிறகு செங்கத்தை. மகன்களின் சண்டைதான் காரணம் என்பவர்களும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவரே மலையேறி வந்தார். ஊரார் காரணம் எதுவும் சொல்லாமல் எங்கள் வீட்டைக் கைகாட்டிவிட்டார்கள். புளி வேண்டும் என்று கெஞ்சினார். சாப்பாட்டு வேளைக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது எங்களிடம் இல்லை. அம்மா இலை போட்டுச் சாமைச்சோறும் குழம்பும் வைத்தாள். பிசைந்து ஒரு வாய் போட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏந்திரிங்க,” என்றேன்.

புரியாமல் பார்த்தார். மறுபடியும் சொன்னேன். எழுந்தார். அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்? உங்கள பார்த்ததே இல்லியே.”

அவர் நடிக்கவில்லை. எத்தனை பேரை எழுப்பியிருந்தால் ஒருத்தியின் முகம்கூட நினைவில்லாமல் போகும்? அம்மா சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. வாசலைக் காட்டினேன். ஆலங்காயம் கடையும் அடுத்த மழைக்குள் மூடியது. எங்கள் புளி ஏன் நின்றது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.