கிரேக்கத் தீவில் ஓர் ஆடி வெள்ளிச் சாப்பாடு

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. எழுதினால் எங்களுக்குச் சோறு போட்ட ஒரு மனுசிக்குப் பழி வந்துவிடுமோ என்று பயம். எழுதாமல் விட்டால் இன்னொரு குடும்பத்துக்கு அதே கதி வந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். நான் அதிகம் படித்தவனில்லை. நடந்ததை நடந்தபடி எழுத அம்மன் துணை செய்யட்டும்.

என் மனைவிக்கு றால், நண்டு, மட்டி எதுவும் ஒத்துக்கொள்ளாது. உடம்பு கொஞ்சம் அரித்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை அது. ஒஸ்லோவில் ஒரு கலியாண வீட்டில், றால் பொரித்த எண்ணெயில் போட்ட வடையில் ஒரு கடி கடித்தாள். தொண்டை அடைத்து அம்புலன்ஸ் வரவேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து, மூச்சடைத்தால் உடனே தொடையில் குத்துவதற்கு, அவளுடைய கைப்பையில் ஊசிமருந்துப் பேனை ஒன்று எப்போதும் இருக்கும். வெளியில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் அவளுடைய முதல் வாய் இறங்கி முடியும்வரை நான் என் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடமாட்டேன்.

அப்படியிருக்க, மகள் எங்கள் இருவருக்கும் கிரேக்கத் தீவொன்றுக்கு ரிக்கற் எடுத்துத் தந்தாள்.

"ஹவுகெட்டோ ஸ்ரேசனுக்கும் கோயிலுக்கும் நடுவிலையே உங்கட சீவியம் முடியப்போகுது அப்பா. ஒருக்கா வெயிலைக் கண்டிட்டு வாங்கோ."

"தீவெண்டால் கடல்லை பிடிக்கிறதைத்தானே பிள்ளை சமைப்பினம்?"

"கேட்டுச் சாப்பிடுங்கோ. நான் போனிலை கிரேக்கத்திலை எழுதி விடுறன், அதைக் காட்டுங்கோ."

நாங்கள் தங்கியது ஒரு விதவைப் பெண்ணின் வீட்டு மேல்மாடியில். வருடா வருடம் நோர்வேக்காரர் வந்து தங்குவதால் அவளுக்கு நோர்வே மொழி கொஞ்சம் தெரியும். போய் இறங்கியதும் ஒரு கண்ணாடித் தட்டில், சீனிப்பாகில் காய்ச்சிய தோடம்பழத் தோலை ஒரு கரண்டியளவு வைத்து, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரும் தந்தாள். வந்தவர்களுக்கு அதுதான் அவர்களின் முதல் உபசாரம். காலையில் மலையில் பறித்துக் காயவைத்த மூலிகைத் தேநீர், வெயில் ஏறினால் வாதுமைப் பருப்பை அரைத்த வெள்ளைச் சர்பத்து. அவளிடம் எதையும் விசாரிக்கத் தேவை வரவில்லை.

சாப்பாட்டுக் கடைகளில்தான் பயம். மஞ்சள் பருப்பைக் கடைந்து, மேலே ஒலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டுத் தருவார்கள். வெதுப்பகத்து அடுப்பில் இரவெல்லாம் மண்சட்டியில் வெந்த கொண்டைக்கடலையும் உண்டு. தக்காளியை மாவில் பிசைந்து பொரித்த உருண்டைகள் எங்கள் வாய்ப்பன் அளவில் இருக்கும். எல்லாமே நல்ல ருசி. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் நாங்கள் போனை நீட்டி, எண்ணெயையும் கரண்டியையும் பற்றிக் கேட்போம். பரிமாறுகிற பையன் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "நீங்கள் இரண்டு பேரும் பொலிஸா?" என்றான். ஒரு கிழவர் எனக்கு ஒரு சாராயத்தை ஊற்றி நீட்டினார். பெருஞ்சீரக வாசம். தண்ணீர் விட்டதும் பால்போல வெளுத்தது. கும்பிட்டு, வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி வெள்ளி. மனைவி தலைக்குத் தோய்ந்து, கொண்டுபோயிருந்த சின்ன அம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள். தேநீர் கொண்டுவந்த வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்து, என்ன விசேடம் என்று கேட்டாள். இன்று விரதம், இறைச்சியும் மீனும் தொடமாட்டேன் என்று மனைவி நோர்வே மொழியில் சொன்னாள்.

அந்த மனுசியின் முகம் மலர்ந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, "நானும் விரதம். எங்கள் மாதாவின் திருநாள் வரைக்கும். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. மத்தியானம் என்னோடு சாப்பிடுங்கள்" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாலும் இல்லையாம். எங்களைவிடக் கடுமை. இஞ்சருங்கோ, இண்டைக்கு எண்டாலும் பயமில்லாமல் ஒரு வாய் சாப்பிடுவன்."

விரதச் சமையலுக்குள் கடல் வாசமே வராது என்பது எங்கள் பிறப்பிலிருந்து வந்த நம்பிக்கை. போனைக் காட்ட எங்கள் இருவருக்கும் நினைவே வரவில்லை. கைப்பையையும் மேலே விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினோம்.

வெங்காயமும் கீரையும் போட்ட சோறு. மனைவி நாலைந்து கரண்டி சாப்பிட்டிருப்பாள். பிறகு தொண்டையைத் தடவினாள்.

"உள்ளை ஏதோ அரிக்குதப்பா."

"மிளகாக்கும். தண்ணியைக் குடியும்."

அந்த நேரம் வீட்டுக்காரி அடுத்த தட்டைப் பெருமையோடு கொண்டுவந்து வைத்தாள். சிவந்த குழம்பில் ஒக்டோபஸின் கைகள் சுருண்டு கிடந்தன. "விரதச் சாப்பாடு!" என்றாள். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். உதடு தடித்துவிட்டது. பேச வாயெடுத்தாள், மூச்சுத்தான் வந்தது.

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கைப்பையைக் கட்டிலில் கொட்டினேன். பேனையை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்று கத்தியபடியே அவளுடைய தொடையில் குத்தினேன். மூடியைக் கழற்றினேனா இல்லையா என்ற பயம் இன்றைக்கும் கனவில் வருகிறது. வீட்டுக்காரியின் தம்பி தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். மருத்துவ நிலையத்துக்குப் போகும் மலைப்பாதை வளைவெல்லாம் நான் அவளுடைய மூக்கடியில் கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வந்தது. பின்னேரமளவில் அவளுக்குக் குரலும் திரும்பியது.

அங்கிருந்த டொக்டர் வீட்டுக்காரியிடம் விசாரித்துவிட்டு விளங்கப்படுத்தினார். சிவப்பு இரத்தம் ஓடாத கடலுயிர்களை அவர்கள் விரதத்தில் சாப்பிடலாமாம். அதனால் மீன் ஆகாது, மட்டியும் கணவாயும் ஆகும். எங்களுக்குத் தந்த சோறு மட்டி அவித்த தண்ணீரில் வெந்தது.

மனைவி கண் விழித்து முதலில் அழுதது உயிருக்காக அல்ல. "என்ர விரதம் போச்சே. அம்மன் என்ன நினைப்பா?"

"உம்மட உயிரைத்தான் நினைச்சவ. பேசாமல் படும்."

வீட்டுக்காரி உள்ளே வரப் பயந்து வெளியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மனைவி கூப்பிடச் சொன்னாள். அவள் வந்து, "மாதாவின் விரதநாளில் என் கையாலேயே..." என்று சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மனைவி அவளுடைய கையைப் பிடித்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, கோயிலில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது இந்தக் கதை வேறு வேறு விதமாய் என் காதுக்கே வந்தது. "அந்த வெள்ளைக்காரி வேணுமெண்டுதான் குடுத்தவளாம்" என்றார் ஒருவர். "விரதத்திலை ஊர் சுத்தப் போனால் அம்மன் விடுவாவோ?" என்றார் இன்னொருவர். மனைவி அதைக் கேட்டு நாலு வெள்ளி கோயிலுக்கு வரவில்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை, ஒஸ்லோவிலேயே எல்லிங்ஸ்ருட் பக்கமிருந்து, எங்களோடு பழகிய ஒரு தங்கச்சி போன் எடுத்தாள். அவளுடைய கணவருக்கும் றால், நண்டு ஒத்துக்கொள்ளாது. ஆவணி பிறக்க முன்னம் அதே தீவுக்குப் போகிறார்களாம். "அங்கை அப்ப விரதகாலமாம் அண்ணை. எங்களுக்கு ஒரு பயமும் இல்லை" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தீவின் பருப்பையும் கடலையையும் தைரியமாய்ச் சாப்பிடுங்கள். ஆனால் விரதச் சாப்பாடு என்று யார் தந்தாலும், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை முதலில் சொல்லுங்கள். இதைத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள், நான் எழுதியபடியே சொல்லுங்கள். அம்மன் தண்டித்துவிட்டாள் என்று ஒரு சொல்லும் சேர்க்கவேண்டாம். அந்த மனுசி குலுங்கிக் குலுங்கி அழுததை விட்டுவிடவும் வேண்டாம்.