துவைக்காத நைட்டி

2024 பிப்ரவரி 12, திங்கள். ஐந்து மணிக்கு எழுந்தேன். தொழுவத்தைக் கூட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மடியை வெந்நீரில் கழுவினேன். ஐந்து நாற்பதுக்குக் கறக்க உட்கார்ந்தேன். ஆறு மணி வரை இழுத்தும் அரை லிட்டர்கூட வரவில்லை. வழக்கமாகக் காலையில் ஆறு லிட்டர் கொடுக்கிற மாடு.

கால் முறிந்த மகளைப் பார்த்துக்கொள்ள மனைவி முந்தின நாள் காலையில்தான் தேவிகுளம் போயிருந்தாள். அவள் போன அன்று சாயங்காலமும் இதே கதைதான்.

இந்த மாட்டைப் பல் பார்த்து வாங்கியவன் நான். புல் அறுப்பவன் நான். சினை பிடித்த நாள், தடுப்பூசி போட்ட நாள் எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. மனைவி செய்வது இரண்டு வேளைக் கறவை மட்டும். ஆனால் அவள் தொழுவத்துக்குள் வந்தாலே போதும், மாடு காதை முன்னால் தள்ளி, அவள் தோளில் மூக்கை வைத்து இழுத்து முகரும். நான் புல்லுக்கட்டோடு போனால் புல்லை மட்டும் பார்க்கும். அதில் எனக்கு வருத்தம் என்று எழுதினால் பொய். பொறாமைதான்.

மதியம் மாட்டு டாக்டரம்மா வந்து மடியை அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது. இன்னும் ஒரு நாள் பால் தேங்கினால் மடிநோய் வந்து காம்பே போய்விடலாம் என்றார்.

“பாலைப் புடிச்சு வெச்சுக்குதுங்க. ஊசிக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. அக்கா கறக்கறப்பப் போடற நைட்டியை நீங்க போட்டுட்டு உக்காருங்க.”

“வெளையாடாதீங்க, டாக்டர்.”

“நெசமாத்தானுங்க.”

அவர் விளக்கினார். கண் காண்பதும் காது கேட்பதும் மூளையின் நடுவே ஓரிடத்தில் நின்றுதான் மேலே போகும். வாசனை அங்கே நிற்பதில்லை. மூளையின் முன்முனையில் வாசனைக்கென்றே மொட்டுப் போல இரண்டு இருக்கின்றன. அங்கிருந்து அது பயமும் பழக்கமும் பதிந்த இடத்துக்கு நேரே போய்விடும். பயமில்லை என்று பட்டால்தான் பாலை இறக்கும் சுரப்பு இரத்தத்தில் கலக்கும்.

“அப்ப என் வாசன அதுக்குப் பயமுங்களா?”

“ஊசி போடறப்பக் கொம்பைப் புடிக்கறது யாருங்க?”

எல்லா முறையும் நான்தான். அந்தத் தேதிகளை நான் டைரியில் எழுதினேன்; மாடும் தன் பங்குக்குக் கணக்கு வைத்திருக்கிறது.

நாலரை மணிக்கு அலமாரியிலிருந்து துவைத்து மடித்த நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மாடு ஒருதரம் முகர்ந்தது, வாளியை உதைத்துக் கவிழ்த்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

“சோப்பு வாசத்துல என்னத்தைங்க கண்டுபுடிக்கும்? அழுக்குல கெடக்கறதை எடுங்க. உங்க வேர்வை ஏறுற வரைக்கும்தான் அதுவும்.”

அழுக்குக் கூடையில் கிடந்ததைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாமரத்துக்கு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார்.

“அக்கா எப்பங்க வந்தீங்க? மீசை அம்சமா இருக்குது!”

நான் வாளியோடு தொழுவத்துக்குள் நுழைந்தேன். மாடு என் தோளை முகர்ந்தது, ஒரு பெருமூச்சு விட்டது. காம்புகள் நிறைந்து விறைத்தன. ஏழரை லிட்டர் வந்தது. மடி இளகிவிட்டது, மாடு பிழைத்தது என்று எனக்கு நிம்மதி வரவேண்டும். வந்தது என்னவோ எரிச்சல்தான். வாளியில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் தேவிகுளத்தில் இருப்பவளுக்கு.

ஏழு மணிக்கு அவள் போனில் கேட்டாள்.

“ஏனுங்க, பால் விட்டுச்சுங்களா?”

“விடாம என்ன? எங்கிட்டயே விட்டுருச்சு.”

“அட! என்னைய மறந்துருச்சுங்களா அது?”

“ஆமா” என்றேன்.

மறுநாள் காலை எழுந்ததும் அந்த நைட்டியை முகர்ந்து பார்த்தேன். சாணமும் என் வேர்வையும் தெரிந்தன. அவளுடைய வாசனை எது என்று பிடிபடவில்லை. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாதது மாட்டுக்குத் தெரிகிறது. அவளுக்குப் போன் செய்து, நேற்றுப் போட்டிருந்த நைட்டியைத் துவைக்காமல் பொள்ளாச்சி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னேன்.