துப்பாக்கிகளோடு பிடிபட்டவர்

எங்கள் சித்தி கையில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்காமல் திருப்பித் தரமாட்டாள். அம்மாவின் தையல் மிஷினைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அவளுக்கு ராணுவத் துப்பாக்கிப் பட்டறையில் வேலை கிடைத்ததும் எங்கள் வீடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

அப்போது போர்க்காலம். எதிரிப் படையிடம் பிடித்த பழைய துப்பாக்கிகள் லாரி லாரியாக வந்து இறங்கின. நம் படைக்கே பற்றாக்குறை என்பதால், அவற்றைச் சரிசெய்து புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்குக் கொடுக்க உத்தரவு. எதிரிக்கும் அவை சொந்தச் சொத்து இல்லை. முந்தைய போரில் வேறு யாரிடமோ பிடித்தவை. கைக்குக் கிடைத்த ஒவ்வொருவரும் முந்தினவர் முத்திரையை அரத்தால் தேய்த்துத் தம் முத்திரையைக் குத்தியதில், எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கிக்கு என்று காட்ட இரும்பில் இருந்த எண்களும் போய்விட்டன.

சித்தி என்ன செய்தாள்? நம் துப்பாக்கிகளுக்குச் செய்கிற வழக்கப்படி, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டுகளை எல்லாம் கழற்றி ஒரே மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் கொட்டி அலசினாள். நம்முடையதில் எதை எதில் போட்டாலும் உட்காரும். இவையோ ஒவ்வொன்றும் கையால் ராவிப் பொருத்தியவை. மாற்றிப் போட்டால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும்.

எது எதனுடையது என்று தெரியாமல் பட்டறையே முழித்தது. கடைசியில் கைதி முகாமிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். அந்தத் துப்பாக்கிகளோடு சேர்ந்து பிடிபட்ட எதிரிப் படை மெக்கானிக். எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் பாஷைதான். அவர் பீப்பாயை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கல்யாண வீட்டு வாசல்ல செருப்பைத் தேடற கதையால்ல இருக்கு!"

"திட்டணும்னா திட்டுங்க. சிரிக்காதீங்க," என்றாள் சித்தி.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். நடுவில் சண்டை, கிண்டல், சிரிப்பு. சித்திக்கு அவர்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. இதில் பூசி மெழுக எனக்கு ஒன்றுமில்லை. அம்மாதான் குதித்தாள்: "துப்பாக்கியைப் பிடிச்சா ஆளையும் சேத்தா வீட்டுக்குக் கொண்டு வருவாங்க?"

போர் முடிந்தது. கைதிகளை ஊருக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. விரும்புகிறவர்கள் தங்கலாம் என்றும் அதில் இருந்தது. சொந்த ஊரை விட்டுவிட்டு யார் தங்குவார்கள் என்று சித்தி கலங்கினாள். பட்டறை வேலை பாக்கி இருந்தால் மட்டும், போக நினைக்கிற ஆளையும் நிறுத்தி வைக்கலாம். அதனால் பொருத்திய போல்ட்டுகளில் நாலைந்தை தினமும் சாயங்காலம் உருவி மறுபடியும் கலந்துவிட்டு வீட்டுக்கு வருவாள். கள்ளி!

ஒரு நாள் கைதிகளை ஏற்றிப் போகும் லாரி பட்டறை வாசலில் வந்து நின்றது. அதிகாரி உள்ளே வந்தார்.

"வேலை முடிஞ்சுதா?"

"இன்னும் பாதி கிடக்கு சார்!" என்று சித்தி முந்திக்கொண்டாள்.

"முடிஞ்சுது சார்," என்றார் மெக்கானிக். "எப்பவோ முடிஞ்சுது. இவங்க சாயங்காலம் கலைப்பாங்க, நான் காலைல சேப்பேன்."

சித்தி கட்டின கோட்டையை அவள் ஆசை வைத்தவரே இடித்துவிட்டாரே!

"அப்ப லாரியில ஏறு," என்றார் அதிகாரி.

"வேலைக்காகத்தான் இங்க தங்கிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது சார். அதுக்குத்தான் முடிஞ்சுதுன்னு சொன்னேன்." அவர் சித்தி பக்கம் திரும்பினார். "அங்க எனக்குன்னு யாரும் இல்லங்க. இருன்னு நீங்க சொன்னா இருக்கேன்."

சித்தி எண்ணெய்க் கையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், லாரியை எடுக்கச் சொல்லுங்க!"