கமலவேணியின் சுட்டுவிரல்

கமலவேணிக்கு மீனோடு பழக்கம் இரண்டே இடத்தில்தான். ஒன்று கோயில் குளத்துப் படிக்கட்டு. பொரியை வீசினால் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்புச் சட்டி. நடுவில் மீன் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, யார் கையில் எப்படி அகப்படுகிறது என்பதையெல்லாம் நாற்பத்தெட்டு வயதுவரை அவள் யோசித்ததே இல்லை. யோசிக்க நேரம் ஏது? காலையில் தறிக்குழிக்குள் காலை விட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாள்.

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். புருஷன் கலியாணசுந்தரம் உடல் நெய்வார். இடப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவது கமலவேணி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வோர் இழையிலும் இரண்டும் கை கோத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த இடம் அவளுடையது. நீளவாக்கில் விரித்த பாவில் ஓர் இழை அறுந்தால் கலியாணசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கமலவேணி எதையும் தேடமாட்டாள். சுட்டுவிரலை மேலே ஓடவிடுவாள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே இல்லாமல் போன ஒன்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

அந்த விரல்தான் போயிற்று. ஆடி மாதத்தில் ஒரு நாள் ஷோகேஸைத் துடைக்கும்போது கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டில் இறங்கியது. அறுந்த நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் அசைந்தன. ஆனால் தொட்டால் எதுவும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய விரலைக் கடன் வாங்கி ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

“தெச்ச நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்மா,” என்றார் டாக்டர். “விரல் நுனிக்கு வர ஆறு மாசம் ஆவும். வரலாம், வராமலும் போகலாம். தை மாசம் பாப்போம். அதுவரைக்கும் கண்ண மூடிக்கினு எதையாவது தொட்டுப் பாத்துக்கினே இருங்க.”

கமலவேணி தொட்டுப் பார்த்தாள். அரிசி, துவரம்பருப்பு, சட்டைப் பித்தான், உப்புத்தாள். கண்ணை மூடினால் எல்லாம் ஒன்றுதான். இட்லிப் பானையின் ஆவி சுட்டுக் கொப்புளம் எழும்பியதுகூட, குழாயடியில் கை கழுவும்போது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. தறியில் அவள் இடத்தில் விக்னேஷ் என்ற ஆள் உட்கார்ந்தான். மோசமாக நெய்திருந்தால் மனசு ஆறியிருக்கும். நன்றாகவே நெய்தான். உள் அறையில் அரிசியைத் தடவிக்கொண்டே அவள் அந்த நாடாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டில் இருக்கிற ஓரகத்தி பெரியநாயகி இதைக் கொஞ்ச நாள் பார்த்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, கமலவேணியைவிட ஆறு வயது இளையவள், பிறந்த ஊர் தென்னேரி. தாவணி போடுகிற வயதிலேயே தூண்டில் போட்டவள். இன்றைக்கும் மாதத்தில் இரண்டு ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி ஏரிக்கரையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

“இன்னாக்கா, அரிசிய தடவிக்கினே இருந்தா அது சோறாயிடுமா? எங்கூட வா. உசிரு இருக்கறத தொட்டுப் பாரு.”

“மீன் புடிக்கவா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும். மீனு சிரிக்காத வரைக்கும் கவல இல்ல.”

கார்த்திகை மாதம். வாலாஜாபாத் வரைக்கும் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரைமேல் ஏறியதும் கமலவேணி அப்படியே நின்றுவிட்டாள். அவ்வளவு தண்ணீரை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எதிர்க்கரை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. காற்று ஒரு பக்கமாக வீச, தண்ணீர் முழுக்க ஒரே திசையில் சின்னச் சின்ன மடிப்பாக நகர்ந்தது. யாரோ நிறுத்தாமல் நெய்துகொண்டே இருப்பது போலவும், அந்தத் தறிக்கு அந்தமே இல்லாதது போலவும் பட்டது.

“இதுக்குள்ள எத்தினி மீனு இருக்கும்?”

“எண்ணிட்டா வந்தேன்? உக்காருக்கா.”

பெரியநாயகியின் சாமான்கள் ஒரு ஒயர்கூடைக்குள் அடங்கிவிட்டன. ஆளுயரத்துக்கு மேல் இருந்த மூங்கில் கழி மட்டும் தனி. அதன் நுனியில் தங்கூசி என்கிற நைலான் இழை கட்டியிருந்தது. பட்டிழையைவிடத் தடிமன், ஆனால் தண்ணீருக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. அடியில் சுண்டுவிரல் நகத்தளவு முள். அதற்கு ஒரு சாண் மேலே மிளகு மாதிரி ஈயக் குண்டு. இன்னும் மேலே தக்கை. கடைத் தக்கை இல்லை; மயிலிறகின் காம்பைச் சீவித் தானே செய்தது.

“பெரிய முள்ளு போட்டா பெரிய மீனு வரும்னு நெனைக்காத. சின்ன வாயி, சின்ன முள்ளு. இங்க கலங்கல் பக்கம், மிச்சத் தண்ணி வழியற எடத்துல, தண்ணி அசையுது, அதனால கெண்டையும் ஜிலேபியும் வரும். மதகுப் பக்கம் ஆழம், சேறு. அங்க கெளுத்தி. நடு ஏரி குத்தகைக்காரனுது, வலை போடுவான், அத்த நம்ம தொடக்கூடாது. கரையில தூண்டில் போடறவள ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

இரை இரண்டு வகை. மைதாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை கெண்டைக்கு. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தோண்டிய மண்புழு மற்ற எல்லாவற்றுக்கும். கமலவேணி தயங்காமல் ஒரு புழுவை எடுத்து, முள்ளில் கோத்து, நீட்டினாள்.

பெரியநாயகி வாயைப் பிளந்தாள். “அடேங்கப்பா! மொத தபா புழு தொட்ட அன்னிக்கு நானே வீல்னு கத்துனேன். நீ பூ கோக்கற மாதிரி கோக்கறியேக்கா!”

கமலவேணி சிரித்து வைத்தாள். விரலுக்கு இடையில் புழு நெளிவது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். விரலுக்கு அது ஈரமான நூல்கூட இல்லை. அதைச் சொல்லவில்லை.

பெரியநாயகிக்குத் தக்கையைப் படிக்கத் தெரிந்திருந்தது. கமலவேணியை அசர வைத்தது அதுதான். தக்கை தட்டுத் தட்டென்று குதித்தால் கெண்டைக்குஞ்சு. சாய்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தால் கெளுத்தி. சத்தமில்லாமல் ஒரேயடியாக உள்ளே போனால் விரால். கீழே இருப்பது எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் வெள்ளையாக ஒரு காம்பு. அதை வைத்துக்கொண்டு அவள் உள்ளே நடக்கிற ஊர்வம்பையெல்லாம் சொன்னாள்.

“இப்ப ஒருத்தன் மோந்து பாக்கறான். சின்னப் பையன். பெரியவன் வந்துட்டான், இவன தொரத்தறான். பாரு, இப்ப வாயில வெச்சிட்டான். சுண்டுக்கா!”

இரண்டாவது ஞாயிறு கமலவேணிக்கு ஒரு ஜிலேபி விழுந்தது. உள்ளங்கை அகலம்தான். ஆனால் அது இழுத்தபோது கழி வளைந்து, முழங்கைவழியாகத் தோள்வரை ஒரு துடிப்பு ஏறியது. தன்னைவிட்டுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஓர் உயிர் தன் எலும்புக்குள் பேசுகிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று பஸ்ஸில் வரும்போது முழங்கையைத் தடவிக்கொண்டே வந்தாள். விரல்கள் மட்டும் எதையும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு. பெரியநாயகி டீ வாங்கி வர கடைக்குப் போயிருந்தாள். முள் ஏதோ வேரில் மாட்டிக்கொள்ள, கமலவேணி வெடுக்கென்று இழுத்தாள். தங்கூசி பாதியில் அறுந்தது. நல்லவேளையாக அந்த இழுப்பில் முள் வேரைவிட்டுக் கழன்று, தக்கையோடு கரையோரமாகவே மிதந்து வந்தது. இப்போது இரண்டு நுனியையும் சேர்க்க வேண்டும்.

யாராக இருந்தாலும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். தறிக்காரிக்கு அது தோன்றவே தோன்றாது. புதுப் பாவைப் பழைய பாவோடு சேர்க்கும்போது இழைக்கு இழை சாம்பல் தொட்டு விரலால் திரித்துப் பிணைப்பார்களே தவிர, முடிய மாட்டார்கள். முடிச்சு, இழை நுழைந்து போகிற விழுதுக் கண்ணில் சிக்கிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து கமலவேணி லட்சம் பிணையல் போட்டிருப்பாள். மணிபர்ஸில் கோயில் திருநீறு இருந்தது. ஒரு சிட்டிகை தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து, திரித்தாள். உணர்வில்லாத விரல்கள் பழக்கத்தில் சுழன்றன. இழுத்துப் பார்த்தாள். நின்றது! ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்குத் தான் தானாகவே இருப்பது போல இருந்தது.

பெரியநாயகி டீயோடு வந்தபோது தக்கை ஒரேயடியாக உள்ளே போனது.

“விரால்க்கா! சுண்டு, சுண்டு!”

சுண்டினாள். கழி ஒரு கணம் வில்லாக வளைந்தது. அப்புறம் கையில் கனமே இல்லை. தூரத்தில் மயிலிறகுக் காம்பு மேலே வந்தது. வந்து, நிமிர்ந்து, ஏரிக்குக் குறுக்கே தன்பாட்டுக்குப் போகத் தொடங்கியது. ஒரு சின்ன வெள்ளைக் கோடு, அவசரமில்லாமல், நடு ஏரியைப் பார்த்து. கண்ணுக்கு மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியநாயகி அறுந்த நுனியை எடுத்துப் பார்த்தாள். திருநீறு ஒட்டியிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். “மீனுக்கு திந்நூறு பூசி அனுப்பிட்டியேக்கா!”

கமலவேணி சிரிக்கவில்லை. “நிக்கலடி,” என்றாள். “நான் பிணைச்சது நிக்கல.”

“தங்கூசிய எவ பிணைப்பா? அது வழுக்கும். முடிச்சுதான் போடணும்.”

“இல்ல நாயகி. வெரலு செத்துப்போச்சு.” அப்போதுதான் சொன்னாள். “புழுவக் கோத்தேன்ல, எனக்குத் தைரியம்னு நெனச்சியே. தைரியம் இல்லடி. ஒண்ணும் தெரியல. மொத நாளுலேருந்து ஒண்ணுமே தெரியல.”

பெரியநாயகியின் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு மூன்று ஞாயிறு கமலவேணி வரவில்லை. பொங்கல் போயிற்று. டாக்டரைப் பார்க்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாள் பெரியநாயகி விடியற்காலையில் கதவைத் தட்டினாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போப்போற. இன்னிக்கு வூட்ல உக்காந்துக்கினு அழுவப்போறியா, ஏரியப் பாத்துக்கினு அழுவப்போறியா?”

உள்ளேயிருந்து கலியாணசுந்தரம் குரல் கொடுத்தார். “இட்டுக்கினு போம்மா. வூட்டுல இருந்தா வெரலயே பாத்துக்கினு இருக்கறா. எனக்கே கண்ணு வலிக்குது.”

ஏரியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. காற்றே இல்லை. பெரியநாயகி புழுவைத் தானே கோத்து, முள்ளை நீரில் இறக்கினாள். தங்கூசியில் தக்கை இல்லை.

“தக்க எங்கடி?”

“அதான் நீ ஊர் சுத்த அனுப்பிட்டியே. வேற மயிலு இன்னும் எறகு போடல. தக்க இல்லாமலும் புடிக்கலாம். தங்கூசிய வெரல்மேல போட்டுக்கோ, கண்ண மூடிக்கோ.”

கமலவேணி தங்கூசியை இடது கைச் சுட்டுவிரலில் போட்டாள். பெரியநாயகி அதை எடுத்து வலது கைச் சுட்டுவிரலில் போட்டாள்.

கமலவேணி கண்ணை மூடினாள். கொக்கு ஒன்று கத்தியது. கலங்கலில் தண்ணீர் கசிகிற சத்தம். விரலில் ஒன்றுமில்லை. காலம் போனது. ஒன்றுமில்லை. நாளைக்கு டாக்டர் ஊசியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம் விக்னேஷ்தான் இனி அந்தப் பக்கம் என்று கலியாணசுந்தரத்திடம் அவளே சொல்லிவிட வேண்டும். எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். அப்படித்தான் தோன்றியது. வெகு தூரத்தில், மிக மெல்ல, ஓர் எறும்பு தட்டுகிற அளவுக்கு. அவள் மூச்சை நிறுத்தினாள். மறுபடியும். விரலின் நுனியில் இல்லை, நுனிக்குச் சற்று உள்ளே. ஆனால் அவளுடைய விரலில்.

“வந்திருக்கான்,” என்றாள்.

பெரியநாயகி தண்ணீரைப் பார்த்தாள். ஒரு வளையம்கூட இல்லை. “ஒண்ணும் காணமேக்கா.”

“சின்னப் பையன். மோந்து பாக்கறான். போறான். திரும்பி வரான்.”

தங்கூசி தண்ணீரைத் தொடுகிற இடத்தில் மெல்லிய நடுக்கம் ஒன்று எழுந்தது. பெரியநாயகி பாதி எழுந்துவிட்டாள். “ஆமாக்கா! வாயில வெச்சிட்டான், சுண்டு!”

கமலவேணி சுண்டவில்லை.

“சுண்டுக்கா! இரைய தின்னுட்டுப் போயிடும்!”

“தின்னட்டும். நீ சும்மா இரு.”

கீழே, சேற்றுக்கும் இருட்டுக்கும் நடுவே, முகம் தெரியாத ஒரு மீன் கடித்து, இழுத்து, விட்டு, மறுபடி கடித்தது. ஒவ்வொரு கடியும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. ஒன்று. இன்னொன்று. பாவில் இழை எண்ணுவது போல அவள் எண்ணினாள். பதினேழுவரை எண்ணினாள். பிறகு அசைவு நின்றது. ஏரி பழையபடி ஏரியாயிற்று. கண்ணைத் திறந்தபோது முகம் நனைந்திருந்தது. முள் வெறுமையாக மேலே வந்தது.

“கைலதான் தெரிஞ்சிதோ என்னமோ,” என்றாள், பயந்துபோய். “மணிக்கட்டுல தெரிஞ்சத வெரல்னு நெனச்சிட்டேனோ? போன தடவ பிணையல் நின்னப்பவும் இப்படித்தான் ஏமாந்தேன்.”

“அதெல்லாம் நாளைக்கு டாக்டரு சொல்லுவாரு. இப்ப இரையப் போடு, அவன் பக்கத்துலதான் இருப்பான்.”

கமலவேணி யோசனையோடு புழு இருந்த தேங்காய்ச் சிரட்டைக்குள் கையை விட்டு, ஈர மண்ணைக் கிளறி, வலது கையின் இரண்டு விரலால் ஒரு புழுவை எடுத்தாள்.

“ச்சீ!”

வீலென்று கத்தி உதறினாள். புழு பெரியநாயகியின் மடியில் போய் விழுந்தது.

“நெளியுதுடி!” கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து, அந்த இரண்டு விரலையும் முகத்துக்கு நேரே பிடித்து வைத்துக்கொண்டு அலறினாள். “அய்யய்யே, கூசுது! நெளியுது நாயகி!”

“இத்தினி நாளும் அது நெளிஞ்சிக்கினுதான் இருந்துச்சுக்கா,” என்றாள் பெரியநாயகி. மடியிலிருந்து புழுவை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

கமலவேணி முகத்தைச் சுளித்துக்கொண்டு, உடம்பெல்லாம் கூச, மறுபடி அதைத் தொட்டாள்.